பெயின்ட்டை 1982ல தடை பண்ணாச்சு, சேத்துக்கு யாரு சொல்றது? ஆர்க்காஷோன் படகுத்துறை: ஒரு நிகழ்வு ஆய்வு

உல்லாசப் படகு நிறுத்துற சின்னத் துறைகள்ல கடலடிச் சேறை எதுக்குப்பா டெஸ்ட் பண்றீங்கனு கேட்டா பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும், தூர் வாரணும், பர்மிஷனுக்கு ரிப்போர்ட் கேக்குறாங்க. தப்பு சொல்லல. ஆனா தூர் வார எடுக்கிற சாம்பிளும், துறை தேறுதா இல்ல இன்னும் மோசமாகுதானு பாக்க எடுக்கிற சாம்பிளும் ஒன்னு கிடையாது. ஒரே நம்பரை வச்சு ரெண்டையும் பேசுறதுதான் சேறு லேப்ல வேலை பாத்த நாள்ல நான் அதிகமா பாத்த குழப்பம். இதைப் பேச எனக்குத் தெரிஞ்சு ஆர்க்காஷோனை விட நல்ல கேஸ் இல்ல.

ஆர்க்காஷோன் பிரான்ஸோட தென்மேற்கு அட்லான்டிக் கரைல இருக்கிற ஒரு பெரிய உப்பங்கழி மாதிரியான வளைகுடா, சுமாரா 155 சதுர கிலோமீட்டர், வாய் பக்கம் ஒரு புறம் கேப் ஃபெரே மணல் முனை, இன்னொரு புறம் பிலா மணல் குன்று. தண்ணி இறங்குனா பாதிக்கு மேல சேறும் மணலுமா வெளில தெரியும். சிப்பி வளக்குறதுதான் அங்க பரம்பரைத் தொழில், அதுவும் குஞ்சு சிப்பி பிடிச்சு மத்த ஊருக்கு அனுப்புற இடம் அது. அதே தண்ணிலதான் கோடைல ஆயிரக்கணக்குல பாய்மரப் படகும் மோட்டார் படகும் நிக்கும், ஆர்க்காஷோன் ஊர்த் துறைல மட்டும் 2,000 படகுக்கு மேல கட்ட இடம் இருக்கு.

1970கள்ல படகு அடில அடிக்கிற பெயின்ட்ல ஒரு புது மருந்து வந்துச்சு, ட்ரைபியூட்டைல் டின், டின்ங்கிற உலோகம் (வெள்ளீயம்) சேந்த ஒரு சேர்மம். கொட்டலசு, பாசி எதுவும் ஒட்டாது, வருஷக்கணக்கா தாங்கும், படகுக்காரங்களுக்கு ஒரே சந்தோஷம். (இதைச் சுருக்கி டிபிடினு எழுதலாம்தான், ஆனா இது உடைஞ்சு வர்ற டைபியூட்டைல் டின்னையும் சுருக்குனா தமிழ்ல அதுவும் டிபிடிதான் ஆகும், அதனால முழுசாவே எழுதிடுறேன், பொறுத்துக்கோங்க.)

பிரச்சினை சிப்பில தெரிஞ்சுச்சு. ஓடு தட்டையா வளராம அடுக்கடுக்கா பிரிஞ்சு, நடுவுல ஜெல்லி மாதிரி ஒன்னு ரொம்பி, உருண்டையா பந்து மாதிரி ஆக ஆரம்பிச்சுது, உள்ள சதை இத்துனூண்டு. இந்த மாதிரி சிப்பியை யாரு காசு குடுத்து வாங்குவா. அதோட 1977லேர்ந்து 1981 வரைக்கும் குஞ்சும் சரியா ஒட்டல. முன்னாடி வருஷத்துக்கு 10,000லேர்ந்து 15,000 டன் வரைக்கும் எடுத்த இடத்துல 1981ல கிட்டத்தட்ட 3,000 டன். இப்போ இஃப்ரெமர்னு இருக்கிற பிரான்ஸ் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தோட முன்னோடி அமைப்புல இருந்த க்ளோட் அல்ஸியூவும் கூட இருந்தவங்களும் இதைத் துருவிப் பாத்து பெயின்ட் பக்கம் கையைக் காட்டுனாங்க. லிட்டருக்கு 2 நானோகிராம் இருந்தாலே ஓடு கோணலாகுது, 50 நானோகிராம் வந்துட்டா குஞ்சே தேறாதுனு பின்னாடி கணக்கு வந்துச்சு. நானோகிராம்னா கிராம்ல நூறு கோடில ஒரு பங்கு.

1982 ஜனவரில பிரான்ஸ் அரசாங்கம் சின்ன படகுகளுக்கு இந்த பெயின்ட்டைத் தடை பண்ணுச்சு, பின்னாடி 25 மீட்டருக்குக் கீழ இருக்கிற படகுனு வரையறை நிலைச்சுது. உலகத்துல இந்த மாதிரி தடை போட்டதுல பிரான்ஸ்தான் முதல். பிரிட்டன் 1987ல, அமெரிக்கா 1988ல, ஸ்வீடன் 1989லனு மத்தவங்க பின்னாடி வந்தாங்க, பெரிய கப்பலுக்கும் சேத்து சர்வதேச ஒப்பந்தம் 2001ல எழுதி 2008 செப்டம்பர்லதான் அமலுக்கு வந்துச்சு. ஆர்க்காஷோன்ல தடை வந்த அதே 1982 கோடைலயே குஞ்சு சிப்பி திரும்ப ஒட்ட ஆரம்பிச்சிருச்சு. படிக்கிறப்ப சினிமா க்ளைமாக்ஸ் மாதிரி இருக்கும், வில்லன் போயாச்சு, ஊரு பொழச்சுது, சுபம்.

ஆனா சேறு பொழைக்கல. கேஸ் எனக்கு சுவாரசியமாகுறது இங்கேர்ந்துதான்.

துறைக்குள்ள சேறு ஏன் வேற மாதிரி

திறந்த வளைகுடால ஒரு நாளைக்கு ரெண்டு தடவை தண்ணி ஏறி இறங்கி எல்லாத்தையும் அலசிட்டுப் போகுது. துறைக்குள்ள அப்படி இல்ல. அலைத்தடுப்புச் சுவர் கட்டுறதே தண்ணி அசையாம இருக்கணும்னுதான, தண்ணி அசையலனா அதுல மிதந்து வர்ற நைஸான வண்டல் எல்லாம் அங்கயே படியும். ட்ரைபியூட்டைல் டின்னுக்கும் செம்புக்கும் இந்த நைஸ் வண்டலும் அதுல இருக்கிற மக்குன பொருளும்னா கொள்ளைப் பிரியம், போய் ஒட்டிக்கும். தண்ணில இருந்தா சில நாள்லேர்ந்து ஒன்னு ரெண்டு வாரத்துல உடைஞ்சு போற சாமான், ஆக்ஸிஜன் இல்லாத கறுப்புச் சேத்துக்குள்ள போயிட்டா பல வருஷம், சில இடத்துல பல பத்து வருஷம் அப்படியே குந்திக்கிட்டு இருக்கும். பத்தாததுக்கு கரைல படகைத் தூக்கி வச்சு பழைய பெயின்ட்டைச் சுரண்டுற இடம் ஒன்னு எல்லா துறைலயும் உண்டு, அங்கேர்ந்து செதில் செதிலா பெயின்ட்டே நேரா தண்ணில விழுது. அந்தச் செதில் சேத்துக்குள்ள ஒரு குட்டி மருந்துக் குப்பி மாதிரி, மெதுவா கசிஞ்சுக்கிட்டே இருக்கும்.

அதனாலதான் தடைக்கு பத்து வருஷம் கழிச்சும் ஆர்க்காஷோன் துறைச் சேத்துல ஆராய்ச்சி பண்ணவங்களுக்கு ட்ரைபியூட்டைல் டின் கிடைச்சுக்கிட்டே இருந்துச்சு. சிப்பியோட கடிகாரம் ஒரு கோடைல ஓடுச்சு, சேத்தோட கடிகாரம் தலைமுறைக் கணக்குல ஓடுது.

கிராப் மேல வர்ற நேரம்

சாம்பிள் எடுக்கிறதை ஒரு தடவை பக்கத்துல நின்னு பாத்தா மத்தது தானா புரியும். சின்ன ரப்பர் படகு, கயித்துல தொங்குற வான் வீன் கிராப், ரெண்டு பக்கெட்டை கவுத்து சேத்த மாதிரி இருக்கிற இரும்புத் தாடை. கீழ விட்டா தரை தட்டுன உடனே கொக்கி கழண்டுரும், மேல இழுக்கிறப்ப தாடை மூடும். மூடும்போது நடுவுல ஒரு கல்லோ ஷாக்கிள் துண்டோ மாட்டிக்கிச்சுனா மேல வர்ற வழியெல்லாம் நைஸ் சேறு வழிஞ்சு போயிரும், நமக்கு வேண்டியது எதுவோ அதுதான் முதல்ல போகும். அந்த சாம்பிளைத் தூக்கிப் போட்டுட்டு திரும்ப எடுக்கணும். நாலு தடவை எடுத்து நாலும் வழிஞ்சா கூட வந்தவர் "அண்ணே, இதுவே போதும்ணே, மழை வருது"ம்பார். போதாது.

நல்லா மூடி வந்தா மேல் கதவைத் திறந்து பாக்கணும், மேல தண்ணி கலங்காம தெளிவா நிக்கணும். அதை டியூப் வச்சு மெதுவா உறிஞ்சி எடுத்தா கீழ ரெண்டு மூணு மில்லிமீட்டருக்கு காப்பிப் பொடி கலர்ல ஒரு தோல், அதுக்குக் கீழ மை மாதிரி கறுப்பு, அழுகுன முட்டை நாத்தம். அந்த பழுப்புத் தோல்தான் இப்போதைய துறை, கறுப்பு முழுக்க பழைய துறை. உலோகம் பாக்கிறதுனா பிளாஸ்டிக் கரண்டி, தாடையோட இரும்பைத் தொட்ட சேறை எடுக்கக் கூடாது, நடுவுலேர்ந்து மட்டும். டின் சேர்மம் பாக்கிறதுனா கண்ணாடி பாட்டில், உடனே ஐஸ்ல, லேப் போனதும் ஃப்ரீசர்ல.

எவ்வளவு ஆழம் எடுக்கிறதுங்கிறதுலதான் பாதி கேஸ் ஜெயிக்குது, பாதி தோக்குது. உதாரணத்துக்கு ஒரு துறைல வருஷத்துக்கு 5 மில்லிமீட்டர் படியுதுனு வச்சுப்போம். மேல் 2 சென்டிமீட்டர் எடுத்தா அது 4 வருஷத்தோட சராசரி. மேல் 10 சென்டிமீட்டர் எடுத்தா 20 வருஷம். தூர் வாருறதுக்கான சாம்பிள்ல என்ன பண்ணுவாங்கனா, தோண்டப்போற ஆழம் முழுசுக்கும் குழாய் இறக்கி, வந்ததை எல்லாம் கலக்கி, ரெண்டு மூணு இடத்துதை ஒன்னா சேத்து ஒரே டப்பா. அதோட கேள்விக்கு அது சரிதான், இந்த மொத்த சேறையும் கடல்ல கொட்டலாமா கரைக்குக் கொண்டு போகணுமானு தெரியணும், அவ்வளவுதான். அதே நம்பரை எடுத்துட்டு வந்து "நம்ம துறை சுத்தமாயிட்டு வருது"னு மீட்டிங்ல சொன்னா அதுக்குப் பேரு முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்கிறது. மேல இருக்கிற புதுச் சேறு கெட்டுப் போயிருந்தாலும் கீழ இருக்கிற ஒன்னரை மீட்டர் மணல் அதை மறைச்சிரும், இல்லனா கீழ இருக்கிற 1970கள் சேறு மேல இருக்கிற நல்ல சேத்தோட பேரைக் கெடுத்துரும்.

அதே கணக்குப்படி பாத்தா வருஷா வருஷம் சாம்பிள் எடுக்கிறதும் காசைத் தண்ணில போடுறதுதான், படியுறதே வருஷத்துக்கு சில மில்லிமீட்டர்னா போன வருஷத்துச் சேறையே திரும்ப திரும்ப அளந்துக்கிட்டு இருப்போம். 3 இல்ல 5 வருஷத்துக்கு ஒரு தடவை, ஆனா அதே இடத்துல, அதே ஆழம், அதே முறை. லேப் மாத்துறவங்க ஒரு பத்து சாம்பிளாவது ரெண்டு லேப்லயும் குடுத்துப் பாருங்க.

நம்பர் வந்ததுக்கப்புறம்

பிரான்ஸ்ல தூர் வாருற சேத்துக்கு என்1, என்2னு ரெண்டு கோடு வச்சிருக்காங்க. என்1க்குக் கீழனா பெருசா கவலை இல்ல, என்2க்கு மேலனா கடல்ல கொட்டுறதுக்கு முன்னாடி ஆழமா ஆராயணும், நடுவுல இருந்தா கூடுதல் டெஸ்ட். காஞ்ச சேறு ஒரு கிலோவுக்கு செம்பு 45 மில்லிகிராம், 90 மில்லிகிராம். ட்ரைபியூட்டைல் டின் 100 மைக்ரோகிராம், 400 மைக்ரோகிராம். பிரிட்டன்ல செம்புக்கு 40ம் 400ம். ஒரே சேறு நடுவுல இருக்கிற இங்கிலிஷ் கால்வாயைத் தாண்டுனா வேற சர்டிபிகேட் வாங்கும், ஏன்னா இந்தக் கோடெல்லாம் சேத்தோட விஷத்தை மட்டும் வச்சுப் போட்டது இல்ல, அந்த நாட்டுக் கரைல பொதுவா எவ்வளவு இருக்கு, எவ்வளவு வரைக்கும் தாங்கலாம்னு பேசி முடிவு பண்ணதும் அதுல இருக்கு.

இங்க நான் பாத்த ஒரு சொதப்பலைச் சொல்லணும், எந்த லேப் எந்த துறைனு கேக்காதீங்க. ஒரு ரிப்போர்ட்ல ட்ரைபியூட்டைல் டின் 60 மைக்ரோகிராம்னு போட்டிருந்துச்சு, கோடு 100, அப்ப பாஸ்னு பச்சைக் கலர் அடிச்சு அனுப்பிட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சு அடிக்குறிப்பைப் படிச்சா அது டின் கணக்குல போட்ட நம்பர், அதாவது மூலக்கூறுல இருக்கிற டின் அணுவோட எடை மட்டும். முழு ட்ரைபியூட்டைல் டின்னா மாத்தணும்னா 2.44ஆல பெருக்கணும், 60 போய் 146 ஆயிருச்சு. பச்சை மஞ்சளாச்சு. அன்னைக்கு ராத்திரி பழைய ரிப்போர்ட் எல்லாத்தையும் தோண்டி எது டின் கணக்கு எது முழுக் கணக்குனு பிரிச்சோம், நாலஞ்சுல எந்தக் கணக்குனே எழுதல, அதையெல்லாம் தள்ளி வச்சோம். ஈரச் சேறு எடையா காஞ்ச சேறு எடையாங்கிறது இதே மாதிரி இன்னொரு குழி, துறைச் சேத்துல பாதிக்கு மேல தண்ணிதான்.

அடுத்தது மணல். துறை வாய்ல எடுத்த சாம்பிள்ல செம்பு கம்மி, உள்ள மூலைல ஜாஸ்தினா உடனே மூலைல யாரோ பெயின்ட் கொட்டுறாங்கனு முடிவு பண்ணிடாதீங்க. வாய்ல மணல், மூலைல களி. 63 மைக்ரானுக்குக் கீழ இருக்கிற நைஸ் எத்தனை சதவீதம், கரிமப் பொருள் எவ்வளவு, களி எவ்வளவுனு காட்டுற அலுமினியமோ லித்தியமோ எவ்வளவுனு சேத்து அளந்து அதோட விகிதம் போட்டாதான் ரெண்டு இடத்தையும் ஒப்பிட முடியும். இது இல்லாத ரிப்போர்ட்டைப் பாத்தா நான் மேல படிக்கிறதே இல்ல.

சரி, இருக்கிற ட்ரைபியூட்டைல் டின் பழசா புதுசானு எப்படித் தெரியும்? அது உடைஞ்சா டைபியூட்டைல், அதுவும் உடைஞ்சா மோனோபியூட்டைல். உடைஞ்சது ரெண்டையும் கூட்டி உடையாததால வகுத்தா ஒன்னுக்குக் கம்மினா புதுசா வந்திருக்கு, ஜாஸ்தினா பழசுனு ஒரு கட்டைவிரல் கணக்கு உண்டு. நல்ல கணக்குதான், ஆனா கண்ண மூடிட்டு நம்பக் கூடாது. ஆக்ஸிஜன் இல்லாத கறுப்புச் சேத்துல உடையவே மாட்டேங்குது, அதனால 30 வருஷப் பழசும் புதுசு மாதிரி வேஷம் போடும். பெயின்ட் செதில் ஒன்னு சாம்பிள்ல மாட்டுனாலும் அப்படித்தான், ஒரே இடத்துல எடுத்த மூணு பாட்டில்ல ரெண்டு ஒரு மாதிரியும் மூணாவது பத்து மடங்காவும் வந்தா லேப்பைத் திட்டுறதுக்கு முன்னாடி மிச்சச் சேறை சல்லடைல போட்டு மைக்ரோஸ்கோப்ல பாருங்க, நீலமோ சிவப்போ ஒரு துணுக்கு கண்டிப்பா கண்ணடிக்கும். டைபியூட்டைலும் மோனோபியூட்டைலும் பிவிசி பிளாஸ்டிக்லேர்ந்தும் வரும்ங்கிறது இன்னொரு சிக்கல்.

வயசு பாக்க கோர் எடுத்து (சேத்துல குழாய் இறக்கி அடுக்கு கலையாம எடுக்கிறது) ஈயம்-210, சீசியம்-137ங்கிற கதிரியக்கப் பொருளை வச்சு அடுக்கு அடுக்கா தேதி போடலாமேனு கேப்பீங்க. ஏரில அழகா வரும். படகுத்துறைல ப்ரொப்பெல்லர் கலக்கிக்கிட்டே இருக்கு, நங்கூரம் உழுதுட்டே இருக்கு, பத்து வருஷத்துக்கு ஒருக்கா தூர் வேற வாருறாங்க, புரட்டிப் போட்ட புத்தகத்துல பக்கம் எண் தேடுற கதை.

ஸ்வீடன்ல ஸ்டாக்ஹோமைச் சுத்தி இருக்கிற சின்னத் துறைகள்ல இதே கேள்வி வேற வழில தீந்துச்சு. 1989ல தடை, ஆனா 2000க்கு அப்புறமும் மேல் சேத்துல ட்ரைபியூட்டைல் டின் நிறையவே இருந்துச்சு. சேறை மட்டும் பாத்துட்டு இருந்தா பழசு கலங்கி மேல வருதுனு சொல்லி விட்டிருப்பாங்க. அங்க இருந்த ஆராய்ச்சியாளர்கள் கைல பிடிக்கிற, எக்ஸ்ரே அடிச்சு உலோகத்தை அளக்கிற எக்ஸ்ஆர்எஃப் கருவியை எடுத்துக்கிட்டு கரைல நிறுத்தியிருக்கிற படகோட அடிவயித்துல வச்சு அழுத்துனாங்க, பெயின்ட்டைச் சுரண்டாமயே உள்ள இருக்கிற டின் எவ்வளவுனு காட்டிடும். புது பெயின்ட்டுக்கு அடில பழைய டின் பெயின்ட் அடுக்கோட நிறைய படகு இன்னும் ஓடிக்கிட்டு இருக்குனு தெரிஞ்சுச்சு, வருஷா வருஷம் சுரண்டுறப்ப கொஞ்சம் கொஞ்சமா கீழ இறங்குது. என்னைக் கேட்டா துறைச் சேறு கண்காணிப்புல சேறோட சேத்து படகையும் அளக்கணும், கரைல தூக்குற சீசன்ல ஒரு நாள் வேலைதான்.

டின் போனா செம்பு

ஆர்க்காஷோன் கதைல ரெண்டாவது பாகம் யாரும் அவ்வளவா பேசாதது. டின் பெயின்ட் போனதும் படகுக்காரங்க சும்மா இருக்கல, செம்பு ஆக்சைடு பெயின்ட்டுக்குத் திரும்புனாங்க. பிரான்ஸ்ல கரையோரத் தரத்தைப் பாக்க 1974லேர்ந்து ஒரு தேசியக் கண்காணிப்பு இருக்கு, சிப்பி, மஸல் சதைல உலோகம் அளப்பாங்க. அதுல ஆர்க்காஷோன் சிப்பில செம்பு 1980கள்ல ஏறிக்கிட்டே போறதைப் பாத்து இது பெயின்ட் தடையோட விளைவானு 1993ல அல்ஸியூவும் க்ளேஸும் ஒரு கட்டுரையே எழுதுனாங்க. தடைக்குக் காரணமா இருந்த அதே மனுஷன், அதோட பக்கவிளைவையும் அவரே எழுதுறார், எனக்கு அந்த நேர்மை ரொம்பப் பிடிக்கும்.

செம்பு டின் மாதிரி உடைஞ்சு போகாது, அது தனிமம், சேத்துல விழுந்தது சேத்துலதான். கறுப்புச் சேத்துல இருக்கிற சல்ஃபைடு அதைப் பிடிச்சு வச்சுக்கும், அது வரைக்கும் பெரிய தொந்தரவில்ல, ஆனா தூர் வாரி கலக்குனா ஆக்ஸிஜன் பட்டு சல்ஃபைடு போயி செம்பு தண்ணிக்கு வரும். அதனாலதான் மொத்த செம்பு எவ்வளவுங்கிறதோட நிறுத்தாம, அந்தச் சேத்துல ஆம்ஃபிபாட்னு சொல்ற குட்டி இறால் மாதிரி பூச்சியை பத்து நாள் விட்டு எத்தனை உசுரோட இருக்குனு எண்ணுறாங்க, அடில இயற்கையா என்னென்ன புழு பூச்சி வாழுதுனும் சலிச்சு எண்ணுறாங்க. கலிஃபோர்னியால இந்த மூணையும் சேத்துத்தான் தீர்ப்பு. அங்க சான் டியேகோல ஷெல்டர் ஐலண்ட் படகுத்துறைக்கு 2005ல போட்ட கணக்குல தண்ணிக்கு வர்ற செம்புல 93 சதவீதம் நிக்கிற படகோட பெயின்ட்லேர்ந்து சும்மா கசியறதுதான்னு வந்துச்சு. படகு ஓடவே வேணாம்.

செம்பு தனியாவும் வரல, கூடவே பாசியைக் கொல்ல இர்கரோல்னு ஒரு களைக்கொல்லியைக் கலந்தாங்க. 1993ல அதே பிரான்ஸோட மத்தியதரைக் கரை மெரினாக்கள்ல அது முதல் முதலா தண்ணில கண்டுபிடிக்கப்பட்டுச்சு, அதுவரை அதைத் தேடுனவங்களே கிடையாது. கப்பல், படகு பெயின்ட்ல அதுக்கு சர்வதேசத் தடை 2023 ஜனவரி 1லேர்ந்துதான், கண்டுபிடிச்சு முப்பது வருஷம்.

அதனால நான் ஒரு துறைக்குத் திட்டம் போட்டுக் குடுத்தா இடம் அஞ்சாறு போதும்னுதான் சொல்வேன்: படகு கட்டுற உள் மூலை, சுரண்டுற மேடைக்கு நேர் கீழ, டீசல் போடுற இடம், துறை வாய், வெளில சுத்தமான ஒரு இடம். மேல் 2 சென்டிமீட்டர் தனியா, தூர் வாருற கோர் தனியா. அதுக்கப்புறம் பட்ஜெட் மீட்டிங்ல முதல்ல வெட்டுற ஒரு ஐட்டம் இருக்கு, அதை மட்டும் விட்டுக்குடுக்க மாட்டேன்: ஒவ்வொரு இடத்துலேர்ந்தும் ஒரு பாட்டில் கூடுதலா, டெஸ்ட் பண்ணாம மைனஸ் 20ல. மேல தேதி, இடம், ஆழம், எடுத்தவங்க பேரு, பென்சில்ல எழுதுங்க, மார்க்கர் ஃப்ரீசர்ல அழிஞ்சிரும். இர்கரோல் செய்தி வந்தப்ப 1985ல எடுத்த சேறு ஒரு பாட்டில் கைல இருந்தவங்க அன்னைக்கே போய் உருக வச்சுப் பாத்திருக்கலாம், இல்லாதவங்க அடுத்த தடவை படகு இறக்குறது வரைக்கும் காத்திருந்திருக்கணும்.